சூழ்ச்சியாளனின் கணக்கு

நுழையும்முன்

கதையில் நல்லவன் வெல்ல வேண்டும் என்று விரும்பும் வாசகரே, தீயவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அறியவும் ஆவல் கொள்கிறார். இந்த ஆவல் குற்றமாகுமா? தீயவனை அறிவுடையவனாகப் படைப்பது இளையோர்க்குக் கேடு தருமா? படக்கதைகளில் வரும் சூழ்ச்சிமிக்க எதிர்த்தலைவர்களை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

படக்கதைகளில் வரும் தீயவர்கள் பல வகையினர். மலையைப் பெயர்க்கும் வலிமை கொண்டோர் உளர். கண்ணால் நெருப்பைக் கக்குவோர் உளர். காரணம் ஏதுமின்றிக் கொடுமை செய்வோரும் உளர். இவர்களுள் பலர் ஓர் இதழில் தோன்றி, அடுத்த இதழ் வருவதற்குள் மறக்கப்படுகின்றனர். வாசகர் நினைவில் பல்லாண்டுகள் நிலைப்பவன் வேறொருவன். அவனிடம் பெரிய உடல்வலிமை இருப்பதில்லை. பிறர் சினந்து எழும் இடத்தில் அவன் பொறுத்திருக்கிறான். பத்துப் பக்கங்களுக்கு முன் அவன் செய்த சிறு செயலின் பொருள், கதையின் முடிவில்தான் புலப்படுகிறது. அவனே சூழ்ச்சியாளன்.

‘சூழ்ச்சி’ என்னும் சொல்லின் வரலாறு இப்பாத்திரத்தை அறிந்துகொள்ளத் துணைசெய்கிறது. இன்று இச்சொல் பெரும்பாலும் வஞ்சகத்தையே குறிக்கிறது. பழந்தமிழில் ‘சூழ்தல்’ என்பது ஆராய்தல், கலந்து எண்ணுதல் ஆகிய பொருள்களைத் தந்தது. திருக்குறளின் வினைசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு செயலைத் தொடங்கும்முன் நிகழ்த்தும் ஆராய்ச்சியையே சூழ்ச்சி என்கிறது. அரசர்க்கும் அமைச்சர்க்கும் இன்றியமையாத பண்பாகப் போற்றப்பட்ட ஒன்று, காலப்போக்கில் தீமையின் பெயராயிற்று.

படக்கதைச் சூழ்ச்சியாளனிடம் இவ்விரு பொருள்களும் ஒருங்கே வாழ்கின்றன. ஆராய்ந்து செயற்படும் திறன் அவனுடைய பெருமை. அத்திறனை அவன் செலுத்தும் திசை அவனுடைய சிறுமை. வாசகர் முன்னதை வியக்கிறார், பின்னதை வெறுக்கிறார். வியப்பும் வெறுப்பும் ஒருவன்மீதே எழுவதால்தான் அவன் மனத்தைவிட்டு அகல்வதில்லை.

பள்ளி மாணவர் படைத்த பகைவன்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில், 1930களின் தொடக்கத்தில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நண்பர் இருவர் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். சீகல் கதை எழுதுவார். ஷூஸ்டர் படம் வரைவார். பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழந்தோர் இலவச உணவுக்காக வரிசையில் காத்துநின்ற காலம் அது. 1933 ஜனவரியில், தாமே உருவாக்கி வெளியிட்ட சிற்றிதழில் ‘சூப்பர்மேனின் ஆட்சி’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர்கள் ஒரு கதையை வெளியிட்டனர்.

அக்கதையின் சூப்பர்மேன் நல்லவன் அல்லன். உணவு வரிசையில் நின்ற ஏழை ஒருவனை அறிவியலாளர் ஒருவர் தம் சோதனைக்குப் பயன்படுத்துகிறார். அதனால் அவன் பிறர் எண்ணங்களை அறியும் ஆற்றல் பெறுகிறான். அவ்வாற்றலால் உலகையே அடக்கி ஆள முற்படுகிறான். முடிவில் ஆற்றல் தீர்ந்துபோக, பழைய வரிசைக்கே திரும்புகிறான். உலகம் இன்று அறிந்துள்ள சூப்பர்மேன், 1938 ஜூன் மாதமிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் தோன்றினான். மாணவப் பருவத்தில் தீயவனுக்குச் சூட்டிய பெயரை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நல்லவனுக்கு அளித்தனர் அவ்விருவர்.

நல்லவனுக்கு அளவற்ற உடலாற்றலை அளித்துவிட்டபின் அவர்களுக்கு ஓர் இடர் எழுந்தது. துப்பாக்கிக் குண்டும் துளைக்க இயலாத ஒருவனை எதிர்த்து நிற்பவன் யார்? அவனைவிட வலியவனைப் படைத்தால் கதை வெறும் மற்போராகிவிடும். 1940இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 23ஆம் இதழில் இதற்கு விடையாக லூதர் வந்தான். அவன் உடலால் எளிய மனிதன், அறிவால் அரியவன். அக்கதையில் அவன் கற்பனை நாடுகள் இரண்டிற்கிடையே மறைந்திருந்து போர் மூட்டுகிறான். அவன் வாளெடுக்கவில்லை, பிறரை எடுக்கச் செய்தான். ஐரோப்பாவில் உண்மையாகவே போர் மூண்டிருந்த ஆண்டில் வெளிவந்தது அக்கதை.

ஓங்கி அறைந்தால் ஒரு சுவர் இடியும். ஒரு திட்டம் இடியாது. சூப்பர்மேனின் கைகளுக்கு எட்டாத ஒன்றை லூதர் வைத்திருந்தமையால்தான் அவர்களுடைய பகை எண்பது ஆண்டுகளைக் கடந்தும் எழுதப்படுகிறது.

படக்கதை என்னும் வடிவமும் சூழ்ச்சியாளனுக்கு ஏற்றதாக அமைந்துள்ளது. பாத்திரம் பேசுவதைச் சொற்குமிழில் எழுதுவர். நினைப்பதை எண்ணக்குமிழில் எழுதுவர். ஒரே கட்டத்திற்குள் ஒருவன் இனிமையாகப் பேசுவதையும் அதற்கு மாறாக நினைப்பதையும் வாசகர் ஒருசேரக் காண்கிறார். எதிரில் நிற்கும் பாத்திரம் அறியாத மறைபொருளை வாசகர் அறிந்துவிடுகிறார். சில வேளைகளில் எண்ணக்குமிழ் நீக்கப்படுகிறது. அப்போது வாசகரும் ஏமாறுகிறார். இரு கட்டங்களுக்கிடையே உள்ள சிறு வெற்றிடத்தில் நடந்தது என்ன என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டியுள்ளது. அவ்வெற்றிடத்தில்தான் சூழ்ச்சியாளன் தன் வேலையைச் செய்கிறான்.

காயமும் கற்பித்த காரணமும்

திறமை மட்டும் ஒருவனை நினைவில் நிறுத்தாது. அவன் ஏன் இப்படி ஆனான் என்னும் வினாவுக்கு விடை வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின் சீகலே அவ்விடையை எழுதினார். 1960இல் ‘அட்வென்ச்சர் காமிக்ஸ்’ 271ஆம் இதழில் வெளிவந்த அக்கதையில், லூதர் ஒரு சிற்றூர் இளைஞன். சூப்பர்மேனும் அங்குச் சூப்பர்பாய் என்னும் சிறுவனாக வாழ்கிறான். லூதர் அவன்மீது பெருமதிப்புடையவன். ஒருமுறை அவன் உயிரையே காக்கிறான். நன்றியுணர்வால் சூப்பர்பாய் அவனுக்கு ஓர் ஆய்வகம் அமைத்துத் தருகிறான். ஆய்வகத்தில் தீப்பற்றுகிறது. சூப்பர்பாய் தன் மூச்சால் ஊதித் தீயை அணைக்கிறான். அம்முயற்சியில் லூதர் உருவாக்கியிருந்த உயிர்ப்பொருள் அழிகிறது. வேதிப்புகையால் அவன் தலைமுடியும் உதிர்கிறது.

உயிர் பிழைத்த லூதர் நன்றி கூறவில்லை. தன் அறிவின்மீது பொறாமை கொண்டே சூப்பர்பாய் வேண்டுமென்று தன் ஆய்வை அழித்துவிட்டான் என்று அவன் முடிவு செய்கிறான். அதன்பின் ஊர்மக்களுக்கு நலம் செய்யும் பெரிய திட்டங்களைத் தீட்டுகிறான். அத்திட்டங்களின் உள்நோக்கம் மக்கள்நலம் அன்று. சூப்பர்பாயைவிடத் தானே உயர்ந்தவன் என்று மெய்ப்பிப்பதே. அவை ஒவ்வொன்றும் தவறிப்போகச் சூப்பர்பாயே ஊரைக் காக்க நேர்கிறது. லூதரின் பகை மேலும் முற்றுகிறது.

முடி உதிர்ந்ததற்காக ஒருவன் உலகப் பகைவனாவானா என்று இக்கதையை நகையாடுவோர் உண்டு. அவர்கள் கதையின் கருவைத் தவறவிடுகின்றனர். முடி இழப்பு வெளிக்காயம் மட்டுமே. தன் ஆய்வகத்தில் தன்னால் நேர்ந்த விபத்தை ஏற்க இயலாமையே உட்காயம். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு இல்லாதபோது, அறிவு ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொடுக்கிறது. அறிவு மிகுந்தவனுக்குக் காரணமும் மிக நேர்த்தியாகவே கிடைக்கிறது.

மற்றொரு சான்றும் இதனை உறுதிப்படுத்துகிறது. ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகிய இருவரும் 1962இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 5ஆம் இதழில் டாக்டர் டூம் என்னும் பாத்திரத்தை அறிமுகப்படுத்தினர். அவனுடைய முன்கதையை 1964இல் விரிவாக எழுதினர். பல்கலைக்கழகத்தில் பயிலும்போது டூம் ஆபத்தான ஓர் இயந்திரத்தை உருவாக்குகிறான். உடன்பயிலும் ரீட் ரிச்சர்ட்ஸ் அவனுடைய கணக்கில் பிழையிருப்பதைக் கண்டு எச்சரிக்கிறான். டூம் அதனைச் சரிபார்க்கவும் மறுக்கிறான். இயந்திரம் வெடித்து அவன் முகம் சிதைகிறது. அதன்பின் தன் முகத்தை இரும்புக் கவசத்தால் மறைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் ரிச்சர்ட்ஸைப் பகைக்கிறான்.

நாடு ஒன்றையே ஆளும் வல்லமை பெற்ற ஒருவனின் வாழ்வு, திருத்திக்கொள்ளாத ஒரு கணக்குப் பிழையிலிருந்து தொடங்குகிறது. வகுப்பறையில் தன் விடையை மற்றவர் திருத்தும்போது எழும் சிறு கசப்பை அறியாத மாணவர் இலர். டூமின் கதை அந்தக் கசப்பைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. படிப்பவர் அவனிடத்தில் ஓர் அரக்கனைக் காண்பதில்லை. தமக்குத் தெரிந்த ஓர் உணர்வைக் காண்கிறார்.

அறிவின் நடுவே ஓர் இருள்

1986இல் எழுத்தாளரும் ஓவியருமான ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கி எழுதினார். அவருடைய லூதர், ஆய்வகத்தில் ஒளிந்து வாழும் குற்றவாளி அல்லன். மாநகரின் பெரும்பகுதியைத் தன் பொருளியல் பிடியில் வைத்திருக்கும் பெருஞ்செல்வன். காலத்திற்கேற்பச் சூழ்ச்சியின் உடை மாறியது. சட்டத்தை மீறும் தேவையே இல்லாதவனாய், சட்டத்தின் வாயில்களை விலைக்கு வாங்கக்கூடியவனாய் அவன் உலவுகிறான்.

1987இல் ‘சூப்பர்மேன்’ இரண்டாம் வரிசையின் 2ஆம் இதழில் பைர்ன் எழுதிய கதை, சூழ்ச்சியாளனின் இயல்பை ஐயமற விளக்குகிறது. சூப்பர்மேனுக்கும் கிளார்க் கென்ட் என்னும் செய்தியாளருக்கும் என்ன தொடர்பு என்பதை அறிய லூதர் விரும்புகிறான். எண்ணற்ற தரவுகளைத் திரட்டச் செய்கிறான்; அதற்காக மனிதர்களைத் துன்புறுத்தவும் தயங்கவில்லை. தரவுகள் அனைத்தும் கணினியில் இடப்படுகின்றன. கிளார்க் கென்ட்டே சூப்பர்மேன் என்னும் விடையைக் கணினி தருகிறது. அவ்விடை முற்றிலும் சரியானது.

லூதர் அதனை நம்ப மறுக்கிறான். இத்தகைய பேராற்றல் உடைய ஒருவன், எளிய மனிதனாக வாழத் தானே விரும்புவான் என்பதை அவனால் ஏற்க இயலவில்லை. விடையைக் கண்டறிந்த அறிவியலாளரைப் பணியிலிருந்து நீக்குகிறான். உண்மை அவன் கைக்கு வந்து சேர்ந்தது. அவனே அதனைத் தள்ளிவிட்டான்.

இங்கே லூதரைத் தோற்கடித்தது சூப்பர்மேன் அல்லன், லூதரே. பிறர் மனத்தை அளக்க அவனிடம் இருந்த ஒரே அளவுகோல் அவனுடைய மனமே. தான் அதிகாரத்தை விரும்புவதால் எல்லோரும் அதனையே விரும்புவர் என்பது அவன் கணக்கின் முதற்படி. முதற்படி பிழையானால், பின்வரும் படிகள் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் விடை பிழையாகவே அமையும். சிறந்த சூழ்ச்சியாளனுக்கும் எளிய தந்திரக்காரனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தந்திரக்காரன் கவனக்குறைவால் தோற்கிறான். சூழ்ச்சியாளன் தன் பண்பால் தோற்கிறான்.

ஆகவே, தீயவனை முட்டாளாக்கி நல்லவனை வெல்லச் செய்யும் கதை, அறத்திற்குத் துணைசெய்வதில்லை. தீமையை எளிதில் கண்டுகொள்ளலாம் என்ற பொய் நம்பிக்கையை மட்டுமே அது வளர்க்கிறது. தீயவனுக்கு முழு அறிவையும் கொடுத்து, அந்த அறிவு எந்த இடத்தில் குருடாகிறது என்பதைக் காட்டும் கதையே படிப்பவரைச் சிந்திக்கச் செய்கிறது.

நன்மை எட்டிப்பார்க்கும் கணம்

சூழ்ச்சியாளனிடம் குருட்டிடம் மட்டும் இருந்தால் அவன் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவனால் வேறாகவும் இருந்திருக்க முடியும் என்று தோன்றும்போதுதான் கதை உயர்கிறது. எட்மண்ட் ஹாமில்டன் எழுதி 1963இல் ‘சூப்பர்மேன்’ 164ஆம் இதழில் வெளிவந்த கதை இதற்குத் தக்க சான்று.

சூப்பர்மேனின் ஆற்றல்கள் செயற்படாத, சிவப்புக் கதிரவன் ஒளிரும் ஒரு கோளுக்கு அவனைச் சமமான போருக்கு அழைக்கிறான் லூதர். இருவரும் சண்டையிடுகையில் மணற்புயல் ஒன்று அவர்களைப் பிரிக்கிறது. அக்கோளின் மக்கள் தம் முன்னோரின் அறிவியலை மறந்து, நீரின்றி வாடுகின்றனர். லூதர் அவர்களுடைய பழைய இயந்திரங்களை மீண்டும் இயங்கச் செய்கிறான். அவர்கள் அவனைத் தலைவனாகப் போற்றுகின்றனர். வாழ்வில் முதன்முறையாக அச்சத்தால் அன்றி அன்பால் அவனைச் சூழ்ந்து மக்கள் நிற்கின்றனர். நீர் கொண்டுவருவதாக அவன் வாக்களிக்கிறான், அவனால் இயலவில்லை.

மீண்டும் சண்டை தொடங்குகிறது. லூதர் தோற்கிறான். திரும்பும் வழியில், அவன் வேண்டுகோளுக்கு இணங்கிச் சூப்பர்மேன் பெரும் பனிப்பாறைகளை அக்கோளுக்கு அனுப்புகிறான். தன்னால் முடியாததைச் சூப்பர்மேனால் செய்ய முடியும் என்பதற்காகவே அவன் வேண்டுமென்று தோற்றானோ என்னும் எண்ணத்துடன் கதை முடிகிறது.

வாழ்நாள் முழுவதும் வெற்றிக்காகச் சூழ்ச்சி செய்தவன், ஒருமுறை பிறர் நலனுக்காகத் தோற்பதற்குச் சூழ்ச்சி செய்தான். அறிவு அதே அறிவுதான், மாறியது நோக்கம். பாராட்டுப் பெற வேண்டும் என்ற வேட்கையே அவனை அங்கும் இயக்கியது என்று சிலர் வாதிடலாம். அவ்வாறே கொள்ளினும், அவ்வேட்கை நீரின்றி வாடியவரின் முகத்தைப் பார்க்கும் அளவுக்கு அவனைக் கொண்டுசென்றது. அவ்வொரு கணத்தைக் கண்ட வாசகரால் அதன்பின் அவனை வெறும் தீயவன் என்று ஒதுக்கிவிட இயலாது.

நோக்கம் நல்லதாயின்?

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வெளிவந்தது. அதில் வரும் ஏட்ரியன் வெய்ட் உலகின் மிகச்சிறந்த அறிவாளி என்று போற்றப்படுபவன். அமெரிக்காவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே அணுப்போர் மூளும் நிலை. அதனைத் தடுக்க அவன் வேற்றுலகத் தாக்குதல் போன்ற ஒரு பொய்ப் பேரழிவை நியூயார்க் நகரில் நிகழ்த்துகிறான். பொதுப்பகைக்கு அஞ்சி இரு வல்லரசுகளும் போரைக் கைவிடுகின்றன. உயிரிழந்தோர் பல இலட்சம் பேர்.

படக்கதைத் தீயவர்கள் தம் திட்டத்தை முன்கூட்டியே விளக்கிக்கொண்டிருக்க, நல்லவர்கள் அதனைத் தடுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். வெய்ட் தன்னைத் தடுக்க வந்தவர்களிடம் திட்டத்தை விளக்கும்போது, அது நிறைவேறி முப்பத்தைந்து நிமிடங்கள் கடந்துவிட்டன. அவன் தோற்கவில்லை. அவனுடைய நோக்கமும் தன்னலமன்று. ஆகவே வாசகர் இங்கே கடினமான வினா ஒன்றை எதிர்கொள்கிறார். பலரைக் காப்பதற்காகச் சிலரைக் கொல்வது கணக்கின்படி சரியாகுமா?

நூலாசிரியர்கள் விடையைச் சொற்களால் கூறவில்லை, படங்களால் கூறினர். தெருமுனையில் செய்தித்தாள் விற்கும் ஒரு முதியவரும், அவர் கடையருகே அமர்ந்து படக்கதை படிக்கும் ஒரு சிறுவனும் பல இதழ்களில் வருகின்றனர். அவர்களுக்கும் மையக்கதைக்கும் பெரிய தொடர்பில்லை. பேரழிவு நிகழும் கணத்தில் முதியவர் அச்சிறுவனை அணைத்துக்கொள்கிறார், இருவரும் மடிகின்றனர். வெய்ட்டின் கணக்கில் அவர்கள் ஓர் எண்ணிக்கை. வாசகருக்கோ அவர்கள் பல இதழ்களில் பழகிய இருவர். அவர்களிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை என்பது மட்டுமே வெய்ட்டின் அறிவார்ந்த திட்டத்திற்கு எதிராக நிற்கும் மறுப்பு. அம்மறுப்பே போதுமானது.

அச்சமும் மறுமொழியும்

தீயவனைக் கவர்ச்சியாகக் காட்டினால் இளையோர் கெடுவர் என்னும் அச்சம் புதிதன்று. 1954இல் அமெரிக்க உளவியல் மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், படக்கதைகள் சிறுவரைக் குற்றத்திற்குத் தூண்டுகின்றன என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டே அந்நாட்டு மேலவையின் துணைக்குழு இது குறித்து விசாரணை நடத்தியது. அதனைத் தொடர்ந்து பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். குற்றவாளிகள்மீது பரிவு எழும்படி எழுதுதல் கூடாது. நன்மையே எப்போதும் வெல்ல வேண்டும் என்றெல்லாம் அது கட்டளையிட்டது. குற்றக்கதைகளையும் திகில்கதைகளையும் வெளியிட்ட இதழ்கள் பல நின்றுபோயின. வெர்தாம் தம் சான்றுகளைத் திரித்துக் காட்டினார் என்பதைப் பிற்கால ஆய்வு வெளிப்படுத்தியது. 2011இல் எஞ்சியிருந்த பதிப்பகங்களும் அவ்விதிகளைக் கைவிட்டன.

அந்த விதிகள் நடைமுறையில் இருந்த காலத்தில்தான் 1960, 1963ஆம் ஆண்டுகளின் லூதர் கதைகள் அச்சாயின என்பது கருதத்தக்கது. அவை விதியை மீறவில்லை, நன்மையே வென்றது. ஆயினும் தீயவனின் காயத்தையும் தடுமாற்றத்தையும் அவை மறைக்கவில்லை. பரிவு கொள்வது வேறு, ஒப்புக்கொள்வது வேறு என்பதை அக்கால இளம் வாசகர்களுக்கு அவை உணர்த்தின.

தமிழ் வாசகர்களுக்கும் இவ்வனுபவம் உண்டு. சீகல் பிற்காலத்தில் இங்கிலாந்தின் ‘லயன்’ வார இதழுக்காக ‘ஸ்பைடர்’ கதைகளை எழுதினார். 1965இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் ஓவியத்துடன் தொடங்கிய தொடர் அது. ஸ்பைடர் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக விரும்பியவன். பூட்டு உடைப்பதில் வல்லவன் ஒருவனையும் அறிவியலாளர் ஒருவரையும் தன் துணைவராக்கிக் கொண்டவன். பின்னர் அவன் குற்றவாளிகளை எதிர்ப்பவனாக மாறினான். சிவகாசியிலிருந்து 1984இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் வழியாக அவன் தமிழ் பேசினான். தமிழ்ச் சிறுவர்களின் பெருவிருப்பத்திற்கு உரியவனானான். குற்றம் செய்தபோதும் குற்றத்தை எதிர்த்தபோதும் அவனுடைய கருவிகள் மாறவில்லை, ஆணவமும் மாறவில்லை. அறிவு எப்பக்கமும் நிற்கவல்லது என்பதை அவனைப் படித்தோர் அறிவுரையின்றியே அறிந்தனர்.

எனினும் அச்சம் முழுவதும் பொருளற்றது என்று கூறிவிட இயலாது. சூழ்ச்சியாளனின் வெற்றியை மட்டும் ஒளியூட்டிக் காட்டி, அவ்வெற்றிக்கு விலை கொடுத்தவரை மறைத்துவிடும் கதைகள் உள்ளன. அவற்றில் தந்திரம் திறமையாகவும், இரக்கம் பலவீனமாகவும் தோற்றமளிக்கும். அத்தகைய கதைகள் ஊறு விளைவிக்கக்கூடியவையே. அவற்றுக்கு மருந்து தடையன்று. ஆராய்ந்து படிக்கும் பழக்கமே. செய்தித்தாள் விற்கும் முதியவர் இக்கதையில் எங்கே என்று தேடத் தெரிந்த வாசகரை எந்தச் சூழ்ச்சியாளனாலும் எளிதில் மயக்க இயலாது.

வாசகரின் பணி

கிராண்ட் மோரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த ‘ஆல்ஸ்டார் சூப்பர்மேன்’ தொடர் 2005 முதல் 2008 வரை வெளிவந்தது. அதன் இறுதியில் லூதர் ஒருநாள் மட்டும் நிலைக்கும் சூப்பர்மேனின் ஆற்றல்களைப் பெறுகிறான். ஆற்றல் மங்கத் தொடங்கும் வேளையில், உலகைச் சூப்பர்மேனின் கண்களால் காண்கிறான். அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதை உணர்ந்து கண்ணீர் விடுகிறான். சூப்பர்மேன் இல்லாதிருந்தால் தானே உலகைக் காத்திருப்பேன் என்பது அவன் நெடுநாள் வாதம். உலகின்மீது அவனுக்கு அக்கறை இருந்திருக்குமாயின், அதனைக் காப்பதற்குரிய அறிவு அவனிடம் என்றோ இருந்தது என்று சூப்பர்மேன் சுட்டிக்காட்டுகிறான். லூதரால் மறுக்க இயலவில்லை.

சூழ்ச்சியாளன் வாசகரைக் கவர்வதற்குரிய காரணம் இங்கே முழுமையடைகிறது. அவனிடம் உள்ள அறிவும் உழைப்பும் பொறுமையும் மெய்யானவை, போற்றத்தக்கவை. அவன் பட்ட காயமும் பல வேளைகளில் மெய்யானதே. ஆயினும் இவை அனைத்தையும் அவன் தன் பெருமை என்னும் ஒரே வாயில் வழியாகச் செலவிட்டுவிட்டான். உலகிற்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நல்லறிவாளனை அது இழந்தது. தீயவனின் வீழ்ச்சியில் மகிழ்ச்சியோடு ஒரு துயரமும் கலந்திருப்பது இவ்விழப்பினால்தான்.

பதினாறு, பதினேழு வயதினர்க்கு இப்பாத்திரங்கள் வெறும் பொழுதுபோக்கு ஆகா. இனிய சொல்லும் தெளிவான திட்டமும் கொண்டு தம்மை அணுகும் மனிதர்களை அவர்கள் வாழ்வில் சந்திக்கப் போகின்றனர். திரையிலும் மேடையிலும் அலுவலகத்திலும், சில வேளைகளில் தம் மனத்துக்குள்ளும் அக்குரலைக் கேட்கப் போகின்றனர். அப்போது அத்திட்டம் அறிவார்ந்ததா என்று வினவுவதோடு நின்றுவிடலாகாது. இதற்கு விலை கொடுப்பவர் யார், அவரிடம் கேட்டாயிற்றா, கணக்கில் பிழையிருப்பதை ஒருவர் சுட்டினால் திருத்திக்கொள்ள இடமுண்டா என்றும் வினவ வேண்டும். லூதரும் டூமும் வெய்ட்டும் இவ்வினாக்களைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களுடைய கதைகளைக் கூர்ந்து படிக்கும் மாணவர், அவர்கள் கேட்கத் தவறியதைத் தாம் கேட்கக் கற்றுக்கொள்கின்றனர். சூழ்ச்சி என்னும் சொல் தன் பழைய பொருளை மீண்டும் பெறுவது அந்த இடத்தில்தான்.